துப்புகிறவர்களும் விழுங்குகிறவர்களும்

1976ஆம் ஆண்டு பிரான்சில் ஒயின் தொடர்பாக மூன்று மாத இடைவெளிக்குள் இரண்டு சம்பவங்கள் நடந்தன. ஒன்றை உலகம் முழுதும் தெரியும். மே 24 அன்று பாரிசின் பெரிய ஓட்டல் ஒன்றில் ஒன்பது பிரெஞ்சு நடுவர்கள், லேபிள் மறைத்த பாட்டில்களிலிருந்து ஊற்றிய ஒயினை ருசி பார்த்து மதிப்பெண் போட்டார்கள். கலிபோர்னியா ஒயின்கள் சிவப்பிலும் வெள்ளையிலும் முதலிடம் பிடித்தன. பிரெஞ்சுக் கர்வம் உடைந்தது என்று எழுதினார்கள். புத்தகம் வந்தது, 2008இல் சினிமாவும் வந்தது. இதை நடத்தியவர் ஸ்டீவன் ஸ்பரியர் என்ற ஆங்கிலேயர். பாரிசில் ஒரு சந்துக்குள் சின்ன ஒயின் கடை வைத்திருந்தவர்.

மற்றது மார்ச் 4ஆம் தேதி நடந்தது. தெற்கே நர்போன் நகருக்குப் பக்கத்தில் மோந்த்ரெதோன் என்ற ஊர். அங்கே திராட்சை விவசாயிகளுக்கும் கலவரத் தடுப்புப் போலீசுக்கும் துப்பாக்கிச் சண்டை. எமில் பூய்தெஸ் என்ற விவசாயியும் ழோயல் லெ கோஃப் என்ற போலீஸ் கமாண்டரும் செத்துப்போனார்கள். இத்தாலியிலிருந்து மலிவாக வந்திறங்கிய ஒயின் தங்கள் விலையைத் தின்றுவிட்டது என்பது விவசாயிகளின் கோபம். கைதான தோழர்களை விடுவி என்பது அன்றைய கோரிக்கை. இதைப்பற்றி ஒயின் ரசிகர்களின் புத்தகங்களில் தேடிப்பாருங்கள். அநேகமாக இருக்காது. அன்று சண்டைக்குக் காரணமான ஒயினை யாரும் மதிப்பெண் போட்டுக் குடித்ததில்லை. தினசரி சோற்றோடு குடிக்கிற, லிட்டர் கணக்கில் விற்கிற, பெயரில்லாத ஒயின் அது.

ஒரு சின்னக் கடைக்காரன் தன் வாடிக்கையாளரின் சட்டைப்பைக்குத் தோதான ஒயினை எப்படி ருசி பார்த்துத் தேர்ந்தெடுக்கிறான் என்று கேட்டால் அது வியாபாரக் கேள்வி போலத் தோன்றும். நான் இதை வரலாற்றுக் கேள்வியாகவே கேட்கிறேன். ருசி என்ற சொல்லாடல் முழுக்க முதல் சம்பவத்தின் பக்கம் நிற்கிறது. மலிவு என்ற சொல்லின் பின்னால் இருக்கிற ஆட்களோ இரண்டாவது சம்பவத்தில் இருக்கிறார்கள். இரண்டும் சந்திக்கிற இடம் அந்தச் சின்னக் கடையின் அலமாரி.

நமக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். தமிழ்நாட்டில் 2003இல் அரசே சில்லறை விற்பனையை எடுத்துக்கொள்ளும்வரை தனியார் கடைகளின் போர்டுகளில் 'ஒயின்ஸ்' என்றுதான் எழுதியிருந்தது. உள்ளே கிடைத்தது பிராந்தியும் விஸ்கியும். இன்றைக்கும் பேச்சில் 'ஒயின் ஷாப்' என்றால் ஒயின் தவிர மற்றதெல்லாம் இருக்கிற இடம். ஆனால் பொருள் நமக்குப் புதிதல்ல. புதுச்சேரிக்குத் தெற்கே அரிக்கமேட்டில் 1945இல் வீலர் தோண்டியபோது மத்தியதரைக்கடல் பகுதியின் கூர்ஜாடித் துண்டுகள் கிடைத்தன. பின்னால் அவற்றை வகை பிரித்து ஆராய்ந்த எலிசபெத் வில், அவற்றில் பெரும்பங்கு கிரேக்கத் தீவான கோஸின் வகை என்று காட்டினார். கோஸ் ஒயின் என்பது கடல்நீர் கலந்தது, கெடாமல் தாங்குவது, ரோமாபுரியில் உயர்குடிகள் பெருமை பேசுகிற சரக்கல்ல. சாதாரண ஒயின். இத்தாலியிலேயே அதைப் போலி செய்தார்கள். மூத்த கேட்டோ தன் வேளாண்மை நூலில் அதற்குச் செய்முறையே கொடுத்திருக்கிறார்.

நம்முடைய புறநானூற்றின் 56ஆம் பாட்டு யவனர் கொண்டுவந்த தேறலைப் பாண்டியன் ஒருவன் பொற்கலத்தில் அருந்துவதைப் பேசுகிறது. சங்க இலக்கிய ஆய்வாளர்கள் இதைத் தமிழரின் செழிப்புக்குச் சான்றாக எத்தனையோ தடவை எடுத்துக்காட்டியாகிவிட்டது. அரிக்கமேட்டு ஜாடிகளோடு சேர்த்து வாசித்தால் வேறொன்றும் தோன்றுகிறது. அந்தக் கரையில் துறைமுகத் தொழிலாளி குடித்த சரக்கு, இந்தக் கரையில் ராஜபானம் ஆகியிருக்க வாய்ப்பு நிறைய. கடல் கடந்தால் மலிவு உயர்வாகிறது. சுவை பொருளுக்குள் இல்லை, அது வந்து சேர்கிற கலத்தில் இருக்கிறது.

கேட்டோவின் நூலில் இன்னொரு செய்முறையும் உண்டு. பண்ணை அடிமைகளுக்கான ஒயின். பிழிந்த சாற்றோடு காடி, காய்ச்சிய சாறு, நல்ல தண்ணீர், பழைய கடல்நீர் எல்லாம் கலந்து ஐந்து நாள் கோலால் கலக்கவேண்டும். கோடைவரை தாங்கும், மிஞ்சினால் நல்ல காடியாகிவிடும். கிறிஸ்துவுக்கு முன் இரண்டாம் நூற்றாண்டு. மலிவு ஒயினைப்பற்றி விவரமாக எழுதிவைக்கப்பட்ட பழைய குறிப்புகளில் இது ஒன்று. எழுதியவர் அதைக் குடிக்கப்போகிறவர் அல்ல. எவ்வளவு குறைந்த செலவில் உழைக்கிறவனின் தொண்டையில் எதை இறக்கலாம் என்பதே அவருடைய கணக்கு. மலிவு ஒயினின் வரலாறு இந்த இடத்தில் தொடங்குகிறது என்பேன். பாரிசின் ஓட்டலில் அல்ல.

சின்னக் கடை என்ற நிறுவனம் எப்போது வந்தது? இதற்கு ஏறத்தாழத் தேதி சொல்ல முடியும். இங்கிலாந்தில் 1860 வரை ஒயின் பணக்காரனின் பொருள். 1703இன் மெத்துவன் ஒப்பந்தம் போர்ச்சுக்கல் ஒயினுக்குப் பிரெஞ்சு ஒயினைவிட மூன்றில் ஒரு பங்கு வரியைக் குறைத்துவிட்டது. அதனால்தான் ஆங்கிலேயனின் 'பாரம்பரிய ருசி' போர்ட் ஆனது. பாரம்பரியம் என்று நாம் மயங்குகிற பலவற்றைச் சுரண்டிப்பார்த்தால் அடியில் ஒரு சுங்கவரி அட்டவணை இருக்கும். 1860 ஜனவரியில் காப்டன்–செவாலியே ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. நிதியமைச்சர் கிளாட்ஸ்டன் காலன் ஒன்றுக்கு ஐந்தரை ஷில்லிங்குக்கு மேலிருந்த தீர்வையை மூன்று ஷில்லிங்காக வெட்டினார். 1862 வாக்கில் வீரியம் குறைந்த ஒயினுக்கு ஒரே ஷில்லிங். காலனுக்கு ஆறு பாட்டில் என்று கொண்டால் பாட்டிலுக்கு இரண்டு பென்ஸ். இன்னும் முக்கியமானது 1861இன் சட்டம்: மளிகைக் கடைக்காரன் உரிமம் வாங்கி, ஒற்றை பாட்டிலாக, வீட்டுக்கு எடுத்துப்போக ஒயின் விற்கலாம். அதுவரை பீப்பாயாகவோ டஜனாகவோ வாங்க வக்கிருந்தவன் மட்டுமே ஒயின் வியாபாரியின் படியேற முடியும். இனிமேல் தேயிலையும் சீனியும் வாங்குகிற இடத்தில் ஒரு பாட்டில்.

உழைப்பாளியை ஜின்னிலிருந்து மீட்டு மென்மையான பானத்துக்குக் கொண்டுவருவது கிளாட்ஸ்டனின் தாராளவாதக் கனவு. கனவு கிடக்கட்டும்; லாபம் வால்டர், ஆல்பிரட் கில்பி என்ற சகோதரர்களுக்குப் போயிற்று. கிரிமியப் போரிலிருந்து திரும்பி 1857இல் லண்டனில் கடை போட்டவர்கள். முதலில் தென்னாப்பிரிக்கக் கேப் ஒயினை விற்றார்கள். காலனிச் சரக்கு என்பதால் பாதித் தீர்வை. சலுகை போனவுடன் பிரெஞ்சுக்கு மாறினார்கள். ஊர்ஊராக மளிகைக்காரர்களைத் தங்கள் முகவர்களாக்கினார்கள். 1875இல் மெதோக் பகுதியில் ஒரு ஷத்தோவையே வாங்கிவிட்டார்கள். ருசி பார்ப்பது மேலிருந்து நடக்கிறது: நிறுவனம் தேர்ந்தெடுத்துத் தன் பெயர் ஒட்டித் தருகிறது, மளிகைக்காரன் அடுக்கி வைக்கிறான்.

பழைய ஒயின் வணிகர்களும் மருத்துவப் பத்திரிகைகளும் இதை எதிர்த்துக் கூச்சல் போட்டதற்குச் சொன்ன காரணத்தைப் பாருங்கள். குடும்பப் பெண்கள் மளிகைக் கணக்கில் மறைத்து ஒயின் வாங்கிக் குடிப்பார்கள்! சாராயக் கடைக்குள் நுழைய முடியாத பெண்ணுக்கு மளிகைக்கடை ஒரு கதவைத் திறந்துவிட்டது என்பதே அவர்களுடைய பயம். குடிப்பவள் கெட்டுப்போவாள் என்பது வெளியே சொன்ன வாதம்; அவள் எதைத் தேர்ந்தெடுக்கிறாள் என்று யாருக்கும் தெரியாமல் போகும் என்பது உள்ளேயிருந்த கலக்கம். நம்மூர் ஒழுக்கக் காவலர்களுக்கு இந்தப் பாட்டு புதிதாக இருக்காது.

அந்த 1861இன் உரிமத்தின் வாரிசுகள் இன்று யார் என்று பார்த்தால் வரலாறு வேடிக்கையாகத் திரும்புகிறது. லண்டனின் தெருமுனைக் கடைகளில் கணிசமானவற்றை நடத்துவது ஈழத்துத் தமிழர்கள். 1983க்குப் பிறகு அகதிகளாகப் போனவர்கள், பெட்ரோல் பங்குகளிலும் கடைகளிலும் இரவு வேலை பார்த்து, பிறகு சொந்தமாக எடுத்தவர்கள். பாலும் பாணும் பத்திரிகையும் மரவள்ளிக்கிழங்கும் ஒயினும் ஒரே கூரையின் கீழ். எனக்குத் தெரிந்த ஒருவர் அப்படிக் கடை வைத்திருக்கிறார். என்னைவிட இருபது வயது மூத்தவர். அவர் கடையின் பின்பக்கம் நின்று கேட்டதையும் பார்த்ததையும் கொண்டு சில விஷயங்களைச் சொல்கிறேன்.

அவருக்கு ஒயின் பழக்கமில்லை. ஊரில் கள்ளுக் குடித்திருக்கிறார். மொத்த வியாபாரி எப்போதாவது நடத்துகிற ருசிபார்ப்புக்குப் போனால் வாயில் வைத்துக் கொப்பளித்துத் துப்பிவிடுவார். "தம்பி, உந்தப் பெரிய ஆக்கள் சொல்லுற மாதிரி எனக்கு வாசம் பிடிக்கத் தெரியாது. புளிக்குதோ, துவர்க்குதோ, நாக்கில சீனி நிக்குதோ, இவ்வளவுதான் பாக்கிறன். மிச்சம் ரெண்டாந்தரம் வந்து கேக்கிறானோ எண்டதில தெரியும்." இதில் துவர்ப்பு என்று அவர் சொன்னதைக் கவனிக்கவேண்டும். சிவப்பு ஒயினின் உடம்பே துவர்ப்பில்தான் இருக்கிறது. தோலிலிருந்தும் விதையிலிருந்தும் வருவது. ஐரோப்பிய மரபு பழைய கணக்கில் நான்கு சுவைகளையே எண்ணியது, அதில் துவர்ப்பு கிடையாது. அதைத் தொடுவுணர்ச்சி என்று ஒதுக்கிவிட்டு, ஒயினுக்கென்று தனியாகப் பாடம் நடத்தவேண்டியிருந்தது. அறுசுவை எண்ணிப் பழகியவனுக்கு, வாழைப்பூவும் பாக்கும் தின்று வளர்ந்தவனுக்கு, அந்தப் பாடம் ஏற்கனவே நாக்கில் இருக்கிறது. கடைக்காரர் தனக்கு ருசி தெரியாது என்று நினைப்பதற்குக் காரணம் நாக்கு இல்லாதது அல்ல, அங்கீகரிக்கப்பட்ட சொல் இல்லாதது.

அவருடைய கணக்கின் மறுபாதி வரி. பிரிட்டனில் தீர்வை பாட்டிலின் விலைமேல் விழுவதில்லை, வீரியத்தின் மேலும் அளவின் மேலும் விழுகிறது. 2023 ஆகஸ்டில் வந்த வீதப்படி 12.5 சதவீத வீரியமுள்ள 75 செ.லி. பாட்டிலுக்கு 2.67 பவுண்டு, பிறகு இன்னும் ஏறியது. இதற்கு மேல் மதிப்புக்கூட்டு வரி 20 சதவீதம். ஆறு பவுண்டுக்கு விற்கிற பாட்டிலில் மதிப்புக்கூட்டு வரி ஒரு பவுண்டு, தீர்வை 2.67, மிஞ்சுவது 2.33. இதற்குள் கண்ணாடி, மூடி, கப்பல், மொத்த வியாபாரி, கடைக்காரர் எல்லோரும் அடங்கவேண்டும். கடைசியில் மிஞ்சுகிற சில்லறை திராட்சைக்கு. ஒன்பது பவுண்டு பாட்டிலில் அதே கணக்கு 4.83ஐ மிச்சம் வைக்கிறது. விலை ஒன்றரை மடங்கு ஏறினால் உள்ளே இருப்பதற்கான காசு இரண்டு மடங்குக்கு மேல் ஏறுகிறது. எனவே ஏழை வாங்குகிற பாட்டிலில் அதிகபட்சம் வரியையே குடிக்கிறான். கிளாட்ஸ்டன் வீரியத்தைக் கொண்டு வரியைப் பிரித்தது 1860களில். 161 வருடம் கழித்து அதே தர்க்கத்துக்குத் திரும்பியிருக்கிறார்கள், இந்தத் தடவை இரண்டு பென்சுக்கு அல்ல.

ஆகவே அவர் தேர்வு செய்வது ஒரு ஒடுக்கமான பட்டைக்குள். அங்கே நல்லது கெட்டது என்ற வித்தியாசம் இல்லாமலில்லை. நனைந்த அட்டை வாசம் அடித்தால் தக்கை கெட்டுவிட்டது. காடி வாசம் என்றால் காற்று புகுந்துவிட்டது. அதீத இனிப்பு எதையோ மறைக்கிறது. வெள்ளையை முதலில், லேசானதை முதலில், துவர்ப்பானதைக் கடைசியில். இருபது பாட்டிலுக்கு மேல் யாருடைய நாக்கும் மரத்துப்போகும். பெரிய ருசிபார்ப்புகளில் நூறு பாட்டில் வரிசையில் நிற்கும்போது ஜெயிப்பது உரத்துப் பேசுகிற ஒயின்: பழவாசம் தூக்கலாக, ஓக் மரவாசம் தூக்கலாக, வீரியம் தூக்கலாக. ஒரு வாய்க்கு அது பிரமாதம். சாப்பாட்டோடு இரண்டு கோப்பை என்றால் சலித்துவிடும். துப்புகிறவனின் அளவுகோல் வேறு, விழுங்குகிறவனின் அளவுகோல் வேறு. (இலக்கியப் பரிசுக் குழுக்களில் இருந்த நண்பர்களுக்கு இதற்குமேல் விளக்க வேண்டியதில்லை. இரண்டு வாரத்தில் அறுபது நாவலைப் புரட்டுகிறவர்கள் படிக்கத்திற்குப் பக்கத்தில் உட்கார்ந்தே படிக்கிறார்கள்.)

நிபுணத்துவம் என்பதைக் கொஞ்சம் தட்டிப்பார்க்கலாம். 2001இல் மோரோ, புரோஷே, துபூர்தியூ மூவரும் வெளியிட்ட ஆய்வு பிரசித்தம். போர்தோவில் ஒயின் படிப்பு மாணவர்கள் 54 பேருக்கு ஒரு வெள்ளை ஒயினைக் கொடுத்தார்கள். அதே வெள்ளையில் வாசமில்லாத சிவப்புச் சாயம் கலந்தும் கொடுத்தார்கள். சாயம் கலந்ததை மாணவர்கள் சிவப்பு ஒயினுக்குரிய சொற்களால் விவரித்தார்கள். இதை வைத்து நிபுணர்களெல்லாம் மோசடி என்று கைதட்டுகிற கட்சியில் நான் இல்லை. ஆய்வு காட்டுவது வேறு: மூக்கு முகர்வதற்கு முன்பே கண் சொற்களைக் கொண்டுவந்து வைத்துவிடுகிறது. கண் என்றால் நிறம் மட்டுமல்ல. லேபிள், விலை, கடை இருக்கிற தெரு, விற்கிறவனின் தோல்.

சொற்களும் எங்கிருந்து வருகின்றன? 1984இல் கலிபோர்னியாவின் டேவிசில் ஆன் நோபிள் 'வாசனைச் சக்கரம்' ஒன்றை வடிவமைத்தார். 'கம்பீரமான', 'நாணமுள்ள' என்று கனவான்கள் உளறிக்கொண்டிருந்த இடத்தில் யாரும் முகர்ந்து சரிபார்க்கக்கூடிய பெயர்களை வைத்தது ஜனநாயகமான காரியம்தான். ஆனால் அந்தப் பெயர்கள் ஒரு குறிப்பிட்ட நிலப்பரப்பின் தோட்டத்திலும் சமையலறையிலும் வளர்ந்தவை. கருந்திராட்சைக்குப் பதில் நாவற்பழம் என்றும், புல்வாசத்துக்குப் பதில் கசக்கிய கொய்யா இலை என்றும் சொன்னால் அது சரியான விவரணைதான். ஆனாலும் ரசிகர் அவையில் அதை நாட்டுப்புறத்தான் பேச்சாகவே கேட்பார்கள்.

பியர் பூர்தியூவை இந்த இடத்தில் எல்லோரும் எதிர்பார்ப்பீர்கள். 1,217 பேரிடம் கேட்டெடுத்த விவரங்களை வைத்து 1979இல் அவர் எழுதிய 'வேறுபடுத்தல்' நூல், ருசி என்பது வர்க்கம் தன்னைக் காட்டிக்கொள்ளும் வழி என்று நிறுவியது. ஏழைக்கு வாய்ப்பது 'தேவையின் ருசி': வயிறு நிறைவது, வலு தருவது, கட்டுப்படியாவது. ருசியின் புனிதத்தை உடைத்த வகையில் அவருக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். ஆனால் ழாக் ரான்சியேர் 1983இல் எழுப்பிய ஆட்சேபம் எனக்கு இன்னும் முக்கியமாகப் படுகிறது. ஏழையால் தேவைக்கு அப்பால் எதையும் ருசிக்க முடியாது என்று நிரூபித்துக்கொண்டே போகிற சமூகவியல், அவனுடைய இடத்தில் அவனை இன்னொரு தடவை உட்காரவைக்கிறது. கடைக்காரரிடம் இரண்டாந்தரம் வந்து 'போன வாரம் கொடுத்தியே, அதையே கொடு' என்று கேட்கிறவன் தேவையால் மட்டுமா கேட்கிறான்? பக்கத்தில் முப்பது பென்ஸ் குறைவாக வேறு பாட்டில் இருக்கிறது. அதை ஒதுக்கிவிட்டுத்தான் கேட்கிறான். அது தீர்ப்பு.

மலிவு ஒயினைக் குடிக்கிறவனும் விளைவிக்கிறவனும் சேர்ந்து தேர்ந்தெடுத்த ஒரு தருணம் வரலாற்றில் உண்டு. தென்பிரான்சின் லாங்கெதோக் பகுதியில், பெஸியே அருகே மராவுசான் என்ற கிராமம். 1901இல் அங்கே சிறு திராட்சை விவசாயிகள் 'சுதந்திரத் திராட்சைக்காரர்கள்' என்ற பெயரில் கூட்டுறவு அமைத்தார்கள். தரகர்களைத் தாண்டி, பாரிசின் தொழிலாளர் நுகர்வோர் கூட்டுறவுகளுக்கு நேராக ஒயின் அனுப்பினார்கள். 1905இல் ழான் ழோரெஸ் வந்து பார்த்துவிட்டுப் போய் உற்சாகத்தோடு எழுதினார். விளைவிப்பவனும் குடிப்பவனும் சங்கம் வைத்திருந்தவர்கள். பாட்டிலின் விலையில் யாருக்கு எவ்வளவு என்பது இருவருக்கும் தெரிந்த விஷயம். ஒயின் சரியில்லை என்றால் பாரிசிலிருந்து சொல்லியனுப்பலாம். ருசி பார்ப்பது இங்கே இரண்டு சங்கங்களுக்கு இடையே நடக்கிற பேச்சுவார்த்தை.

ஆனால் அந்தப் பகுதி முழுவதும் அப்போதே மூழ்கிக்கொண்டிருந்தது. 1860களில் தொடங்கிய வேர்ப்பூச்சி தோட்டங்களைத் தின்று தீர்த்தபிறகு, மறுநடவு செய்தார்கள், விளைச்சல் பெருகியது. பஞ்ச காலத்தில் பழகிய சீனித்தண்ணீர் ஒயின் நிற்கவில்லை. அல்ஜீரியாவிலிருந்து ஒயின் கப்பல் கப்பலாக வந்தது. விலை விழுந்தது. 1907 மார்ச் 11 அன்று அர்ழெலியே கிராமத்தின் காப்பிக்கடைக்காரரும் விவசாயியுமான மார்சலன் அல்பெர் தலைமையில் 87 பேர் நர்போனுக்கு நடந்தார்கள். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் கூட்டம் பெருகி, ஜூன் 9 அன்று மோன்பெலியேவில் லட்சக்கணக்கானோர். கிளெமான்சோ ராணுவத்தை அனுப்பினார். ஜூன் 19, 20 தேதிகளில் நர்போனில் சுட்டார்கள். செத்தவர்களில் கூட்டத்தோடு சம்பந்தமில்லாதவர்களும் உண்டு. சுட்ட செய்தி கேட்டு 17ஆவது காலாட்படையின் சிப்பாய்கள், அந்த மண்ணின் பிள்ளைகள், கலகம் செய்து பெஸியேவுக்கு நடந்தார்கள். அவர்களைத் துனீசியப் பாலைவனத்துக்குக் கடத்தியது அரசு. அல்பெர் பாரிசுக்குப் போய்க் கிளெமான்சோவைச் சந்தித்தார். திரும்பிப்போக ரயில் செலவுக்கு நூறு பிராங்க் கொடுத்து அனுப்பி, அதைப் பத்திரிகைக்காரர்களிடமும் சொல்லிவிட்டார் கிளெமான்சோ. மாபெரும் இயக்கம் ஒன்றை ஒற்றை நோட்டால் கேலிப்பொருளாக்கிய ராஜதந்திரம். ஜூன் 29இல் கலப்படத்துக்கு எதிராகச் சட்டம் வந்தது. கலப்படம் செய்யாத, மண்ணின் பெயர் சொல்லும் ஒயின் என்கிற இன்றைய 'தரக்' கதையாடலுக்குள் இந்தப் பிணங்களும் இருக்கின்றன.

அல்ஜீரியாவைப் போகிறபோக்கில் சொல்லிவிட்டேன், அப்படி விட்டுவிடக்கூடாது. ரோலான் பார்த் 'தொன்மவியல்கள்' (1957) நூலில் ஒயினைப் பிரெஞ்சு தேசத்தின் குலக்குறி போலக் கொண்டாடுவதை அவிழ்த்துக்கொண்டே வந்து, முடிவில் திடீரென்று குரலை மாற்றுகிறார்: நிலம் பறிக்கப்பட்ட அல்ஜீரிய முஸ்லிம், ரொட்டியில்லாத நிலையில், தனக்கு ஒன்றுக்கும் உதவாத பயிரை அந்த நிலத்திலேயே வளர்க்க வைக்கப்பட்டான். இந்தக் கட்டுரையை மேற்கோள் காட்டுகிற நம்மவர்கள் குறியியலோடு நின்றுவிடுவது வழக்கம்.

கேப் ஒயினுக்கு வருகிறேன். லண்டன் கடையின் அலமாரியில் மலிவுப் பட்டையில் தவறாமல் இருப்பது அது. 1652இல் டச்சு நிறுவனம் அங்கே இறங்கியது. 1659 பிப்ரவரி 2 அன்று கேப் திராட்சையில் முதல் ஒயின் பிழிந்ததாக வான் ரீபெக் நாட்குறிப்பில் எழுதினார். அதே 1659இல் தஞ்சைப் பகுதியில் பஞ்சம். முந்தைய ஆண்டில்தான் நாகப்பட்டினத்தைப் பிடித்திருந்த அதே நிறுவனம், வயிற்றுக்கில்லாமல் விற்கப்பட்ட மனிதர்களை ஆயிரக்கணக்கில் வாங்கி இலங்கைக்கும் பத்தாவியாவுக்கும் ஏற்றிக்கொண்டிருந்தது. கேப்புக்குச் சோழமண்டலக் கரை ஆட்கள் பிறகு சிறு சிறு தொகையாகப் போய்ச்சேர்ந்தார்கள். 1808 வரை அங்கே இறக்கப்பட்ட ஏறத்தாழ 63,000 அடிமைகளில் கால்வாசிப்பேர் இந்தியத் துணைக்கண்டத்தினர் என்பது ஆய்வாளர் கணிப்பு. பதிவேடுகளில் அவர்களுக்கு ஊரே குடும்பப்பெயர்: 'வங்காளத்து', 'மலபாரின்', 'சோழமண்டலத்து'. பழவேற்காட்டின் டச்சுக் கல்லறைகளைப் படமெடுத்துக்கொண்டு திரும்புகிற நமக்கு, அங்கிருந்து கப்பலேறியவர்களின் கை திராட்சைக் கொடியைப் பிடித்தது என்ற தகவல் பாடப்புத்தகத்தில் வந்ததில்லை.

1813இல் பிரிட்டன் கேப் ஒயினுக்குத் தீர்வைச் சலுகை கொடுத்தது. தோட்டங்கள் பெருகின, அடிமைகளின் முதுகில். 1834இல் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்து, 1838வரை 'பயிற்சிக்காலம்' என்ற பெயரில் நீண்டது. இழப்பீடு உடைமையாளர்களுக்கு. விடுதலையான ஆளைத் தோட்டத்தில் கட்டிப்போட அவர்கள் பயன்படுத்திய கயிறு 'டாப்' முறை: கூலியின் ஒரு பகுதியாக ஒயின், விடியற்காலை முதல் நாளுக்குப் பலமுறை, தகரக் குவளையில். விற்பனைக்கு லாயக்கில்லாத சரக்கு. கேட்டோவின் செய்முறை நினைவுக்கு வருகிறதா? 1960களின் தொடக்கத்தில் சட்டம் தடுத்தது. பல பண்ணைகளில் 1990கள்வரை ஓடியது. கருவிலேயே மதுவால் பாதிக்கப்பட்ட குழந்தைகள் உலகிலேயே மிக அதிகமாக உள்ள இடங்களில் மேற்குக் கேப் ஒன்றாக இன்றும் இருக்கிறது. அங்கே மலிவு ஒயின் என்பது பரம்பரையின் உடம்பில் எழுதப்பட்ட பிரதி.

1994க்குப் பிறகு புறக்கணிப்பு நீங்கி, பிரிட்டன் அலமாரிகளில் கேப் ஒயின் குவிந்தது. மண்டேலாவின் நாட்டு ஒயினைக் குடிப்பது முற்போக்கான காரியமாகக்கூட இருந்தது. 2011இல் மனித உரிமைக் கண்காணிப்பகத்தின் அறிக்கை பண்ணைகளில் கழிப்பறை, குடிதண்ணீர் இல்லாததையும் பூச்சிமருந்துக்கு நடுவே பாதுகாப்பின்றி வேலை செய்வதையும் விவரித்தது. 2012 நவம்பரில் டி டோர்ன்ஸ் பள்ளத்தாக்கில் (அது தின்கிற திராட்சை விளைகிற பகுதி, ஒயின் பகுதிகளுக்கும் பரவியது) தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். கேட்டது நாளுக்கு 150 ராண்டு. 69ஆக இருந்த குறைந்தபட்சக் கூலி 2013 மார்ச்சில் 105 ஆனது.

இப்போது அந்த ஒயினில் பெரும்பகுதி பாட்டிலில் வருவதில்லை. இருபதடி கண்டெய்னருக்குள் 24,000 லிட்டர் கொள்ளும் பிளாஸ்டிக் பை ஒன்றை விரித்து நிரப்புகிறார்கள்; 32,000 பாட்டிலுக்குரியது. பிரிட்டனில் வந்திறங்கியபிறகு பாட்டிலில் அடைக்கிறார்கள். கண்ணாடியின் எடையைக் கடலில் சுமக்கவேண்டாம், கரிப்புகை குறைவு, நியாயம்தான். பாட்டில் அடைக்கிற வேலையும் கேப்பிலிருந்து போய்விட்டது, அதுவும் நிஜம். இந்த விவரம் லேபிளின் பின்பக்கம், பொடி எழுத்தில், அடைத்த நிறுவனத்தின் அஞ்சல் குறியீடாக இருக்கும்.

நண்பரிடம் இதையெல்லாம் ஒரேயடியாகச் சொல்லிக் கொட்டவில்லை. பின்பக்க லேபிளை மட்டும் காட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு வாசித்தார். "அப்ப இது உங்க அடைச்சதில்லையோ? சரி, கொம்பனிக்காரனிட்ட கேப்பம்" என்றார். கேட்டாரென்றும், வந்த விற்பனைப் பிரதிநிதிக்கு அது எந்தப் பண்ணை என்று தெரியவில்லை என்றும் பிறகு சொன்னார். லாங்கெதோக் கூட்டுறவுகளின் சரக்கு அந்த மொத்த வியாபாரியிடம் இரண்டே வகை இருந்தது. ஒன்றைத் துப்பிப் பார்த்து ஒரு பெட்டி எடுத்திருக்கிறார். ஏழரைப் பவுண்டு. மூன்று வாரத்தில் நாலு பாட்டில் போயிருக்கிறது, அதில் இரண்டு ஒரே ஆள் வாங்கியது.